ஆர்டர் எடுத்தல் (மதுக்கூடம்)

மதுக்கூடத்தில் ஆர்டர் எடுத்தல் என்பது, வாடிக்கையாளர் விரும்பும் பானத்தைக் கேட்டறிந்து அதன் வகை, அளவு, கலக்கும் முறை, பரிமாறும் முறை ஆகியவற்றை உறுதி செய்துகொள்ளும் பணியாகும். இப்பணியைச் செய்பவர் பார்டெண்டர் எனப்படுகிறார். தமிழில் மதுக்கூடப் பணியாளர், மதுக்கலவையாளர் ஆகிய சொற்களாலும் இவர் குறிப்பிடப்படுவதுண்டு. காக்டெயில் எனப்படும் கலவை மதுவைப் பொறுத்தவரை இப்பணி சிறப்பிடம் பெறுகின்றது. புட்டியில் அடைத்து வரும் பியருக்குப் பெயரும் எண்ணிக்கையும் சொன்னால் போதும். காக்டெயிலோ கேட்ட பின்னரே உருவாக்கப்படுவது. ஒரே பெயர் கொண்ட பானத்தை இருவர் இருவேறு விதமாக விரும்பக்கூடும்.

ஒருவருக்கு மது வழங்கலாமா, கூடாதா என்ற முடிவும் ஆர்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளிலேயே எடுக்கப்படுகின்றது. ஆகவே இது விற்பனைத் திறன் மட்டும் சார்ந்த செயல் அன்று. சட்டம், உடல்நலம், வாடிக்கையாளரின் உணவுப் பழக்கம் ஆகியவற்றோடும் தொடர்புடையது. மதுக்கூடத்தில் யார் பணிபுரியலாம் என்ற கேள்வி இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளது.

## வரலாறு

பல பொருள்களைக் கலந்து மது அருந்தும் வழக்கத்தில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய வணிகர்கள், மாலுமிகள் வழியாகப் பரவிய 'பஞ்ச்' என்ற பானத்தின் பெயர், ஐந்து என்று பொருள்படும் 'பாஞ்ச்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள் ஆகியன அந்த ஐந்து பொருள்களாகக் கூறப்படுகின்றன. ஆயினும் பஞ்ச் பெரிய பாத்திரத்தில் கலக்கப்பட்டு அனைவருக்கும் ஒன்றாகப் பகிரப்பட்டது. எனவே தனி ஒருவரிடம் ஆர்டர் எடுக்கவேண்டிய தேவை அதில் இல்லை.

காக்டெயில் என்ற சொல்லுக்கு இன்று அறியப்படும் முதல் அச்சு விளக்கம் 1806ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த இதழொன்றில் இடம்பெற்றது. வடித்த மது, சர்க்கரை, நீர், கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்த பானம் என்று அது விளக்கியது. அமெரிக்க மதுக்கலவையாளர் ஜெரி தாமஸ் 1862இல் கலவை முறைகளை நூலாக வெளியிட்டார். செய்முறைகள் அச்சில் வந்ததும் பானங்களின் பெயர்கள் ஊருக்கு ஊர் ஓரளவு நிலைபெற்றன. வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்பதும் எளிதாயிற்று.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் மதுக்கலவையாளர் பலர் ஐரோப்பாவுக்கும் கியூபாவுக்கும் சென்றனர். அவர்களுள் ஒருவரான ஹாரி கிராடக் இலண்டன் சவாய் விடுதியில் பணியாற்றி, 1930இல் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கம் 1951இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் தொடங்கப்பட்டது. சீரான செய்முறைகளைக் கொண்ட காக்டெயில் பட்டியலை இச்சங்கம் பேணி வருகின்றது.

தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதியின் 'சிங்கப்பூர் ஸ்லிங்' பெயர் பெற்றது. நியாம் தோங் பூன் என்ற பணியாளர் இதனை 1915ஆம் ஆண்டளவில் உருவாக்கினார் என மரபாகக் கூறப்படுகின்றது.

## ஆர்டரின் கூறுகள்

காக்டெயில் ஆர்டரைத் தேநீர்க் கடையைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். போடிநாயக்கனூரிலோ பொட்டிபுரம் போன்ற மலையடிவார ஊர்களிலோ தேநீர் கேட்பவர் 'டீ' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது குறைவு. "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு, சீனி கம்மியா" என்பார். அடுத்தவர் 'லைட்' கேட்பார். இன்னொருவர் சீனியே வேண்டாம் என்பார். டீ மாஸ்டர் எதையும் எழுதிக்கொள்ளாமல், டிக்காசன், பால், சீனி ஆகியவற்றின் அளவை மாற்றி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆற்றித் தருவார். அன்றாடம் வருபவர் வாயைத் திறக்கும் முன்பே அவருடைய டீ தயாராகிவிடும். மதுக்கூடப் பணியாளர் செய்வதும் அடிப்படையில் இதுவே. மாற்றக்கூடிய கூறுகள் மட்டும் மிகுதி. அவை பின்வருமாறு:

* அடிப்படை மது: ஜின், வோட்கா, ரம், விஸ்கி, பிராந்தி, டெக்கீலா ஆகியவற்றுள் ஒன்று.
* வணிகப் பெயர்: வாடிக்கையாளர் குறிப்பிட்ட நிறுவனத்தின் மதுவைக் கேட்கலாம். கேட்காவிடில் கடையில் வழக்கமாகப் பயன்படுத்துவது ஊற்றப்படும். இரண்டிற்கும் விலை வேறுபடுமாதலால் இதனை முன்கூட்டியே தெளிவுபடுத்துவது நல்லது.
* அளவு: இந்தியாவில் 30 மி.லி. 'ஸ்மால்' என்றும் 60 மி.லி. 'லார்ஜ்' என்றும் வழங்கப்படுகின்றன. பிரித்தானியாவில் ஜின், ரம், வோட்கா, விஸ்கி ஆகியவற்றுக்கு 25 அல்லது 35 மி.லி. என்பது சட்டப்படியான அளவு.
* சுவைச் சமநிலை: இனிப்பு, புளிப்பு, கசப்பு ஆகியவற்றின் விகிதம்.
* கலக்கும் முறை: குலுக்குதல், கரண்டியால் கலக்குதல், குவளையிலேயே அடுக்கடுக்காக ஊற்றுதல், மின்கலப்பியில் அடித்தல்.
* பரிமாறும் முறை: குவளையின் வடிவம், பனிக்கட்டி உண்டா இல்லையா, மேலே இடும் பழத்துண்டு அல்லது தோல்.

## வழக்குச் சொற்கள்

ஆர்டரைச் சுருக்கமாகச் சொல்ல உலகெங்கும் சில சொற்கள் வழங்குகின்றன.

* நீட்: பனிக்கட்டியோ நீரோ சேர்க்காமல் புட்டியிலிருந்து நேரே ஊற்றுவது.
* ஆன் தி ராக்ஸ்: பனிக்கட்டிகளின் மேல் ஊற்றித் தருவது.
* அப்: பனிக்கட்டியுடன் குளிரவைத்து, பின் வடிகட்டிப் பனிக்கட்டியின்றித் தருவது. 'நீட்' என்பதோடு இதனைக் குழப்பிக்கொள்வது புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் பிழையாகும்.
* டிரை: மார்ட்டினியில் வெர்மூத் என்னும் மூலிகைத் திராட்சை மதுவைக் குறைப்பது. 'உலர்ந்த' என்ற நேர்ப்பொருள் இங்குப் பொருந்தாது.
* டர்ட்டி: மார்ட்டினியில் ஆலிவ் காய் ஊறிய உப்பு நீரைச் சேர்ப்பது.
* ட்விஸ்ட்: எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோலை முறுக்கி, அதன் எண்ணெய் பானத்தின் மேல் படியுமாறு செய்வது.
* விர்ஜின்: அதே பானத்தை மது சேர்க்காமல் செய்வது.

குலுக்குவதற்கும் கலக்குவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் பழக்கம் சார்ந்ததன்று. பழச்சாறு, முட்டை, பாலாடை ஆகியவை சேரும் பானங்கள் நன்கு ஒன்றாவதற்காகக் குலுக்கப்படுகின்றன. அப்போது காற்றுக் குமிழிகள் சேர்ந்து பானம் சற்றுக் கலங்கலாகும். மதுவகைகள் மட்டும் சேரும் பானங்கள் தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கரண்டியால் கலக்கப்படுகின்றன. ஜேம்ஸ் பாண்ட் கதைகளில் நாயகன் மார்ட்டினியைக் குலுக்கித் தரும்படி கேட்பது இவ்வழக்கத்திற்கு மாறானது. வாடிக்கையாளர் அவ்வாறு கேட்டால் பணியாளர் அவர் விருப்பப்படியே செய்து தருவார்.

## படிமுறை

1. கவனித்தல்: வாடிக்கையாளர் வந்ததும் அவரைப் பார்த்து வரவேற்றல். பணி மிகுதியாக இருப்பினும் அவரைக் கண்டுகொண்டதைத் தலையசைப்பால் உணர்த்தல். வயது, நிதானம் ஆகியவற்றைக் கவனித்தலும் இப்போதே நிகழும்.
2. கேட்டல்: என்ன வேண்டும் என அறிதல். முடிவு செய்யாதவரிடம் இனிப்பா புளிப்பா, எந்த மது பழக்கம், வலிமையானதா மென்மையானதா என இரண்டு அல்லது மூன்று கேள்விகள் போதும்.
3. தெளிவுபடுத்தல்: பெயரால் முடிவாகாத கூறுகளை மட்டும் கேட்டல். எடுத்துக்காட்டாக, 'மார்ட்டினி' என்றால் ஜின்னா வோட்காவா, வெர்மூத் எவ்வளவு, ஆலிவா எலுமிச்சைத் தோலா என்பன கேட்கப்படவேண்டும்.
4. எச்சரித்தல்: ஒவ்வாமை உண்டா, சைவ உணவினரா என அறிதல்.
5. திருப்பிச் சொல்லல்: கேட்டதைச் சுருக்கமாக மீண்டும் கூறி உறுதி செய்தல். இரைச்சல் மிகுந்த இடத்தில் இப்படி தவிர்க்கக்கூடாதது.
6. பதிதல்: சீட்டிலோ கணினியிலோ குறித்தல். இந்திய விடுதிகளில் உணவுக்கான சீட்டு 'கே.ஓ.டி.' என்றும் மதுவுக்கான சீட்டு 'பி.ஓ.டி.' என்றும் அழைக்கப்படுகின்றன. மேசையில் அமர்ந்திருப்பவரிடம் ஆர்டர் எடுப்பவர் பெரும்பாலும் பரிமாறுநரே. பி.ஓ.டி. சீட்டின் வழியாகவே அது மதுக்கலவையாளரைச் சென்றடைகின்றது.

மூன்றாம் படியில் மிகுதியாகக் கேட்பதும் பிழையாகும். செய்முறை ஐயத்திற்கு இடமின்றி இருக்கும்போது கேள்விகளை அடுக்கினால் வாடிக்கையாளர் சலிப்படைவார், வரிசையும் நீளும்.

ஒரு குழுவினர் பல பானங்களைக் கேட்கும்போது அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மேசைக்கு வரவேண்டும். எனவே கேட்ட வரிசையிலேயே செய்யாமல், காத்திருந்தால் கெடாதவற்றை முதலிலும், நுரை அடங்குபவை, பனிக்கட்டி உருகுபவை ஆகியவற்றை இறுதியிலும் செய்வர்.

## உட்பொருள்களை அறிவித்தல்

காக்டெயிலின் பெயரைக் கொண்டு அதில் சேரும் பொருள்களை அறிய இயலாது. ஆகவே பணியாளர் தாமே முன்வந்து சொல்லவேண்டியவை சில உள்ளன.

* விஸ்கி சவர்: முட்டை வெண்கரு சேர்க்கப்படுவதுண்டு. பன்னாட்டுச் சங்கத்தின் செய்முறையில் இது கட்டாயமன்று, வேண்டாதவருக்கு விட்டுவிடலாம்.
* பிளடி மேரி: தக்காளிச் சாறு கொண்டு செய்யப்படுவதால் சைவம் போல் தோன்றும். இதில் சேரும் வூஸ்டர் சாற்றின் மரபான செய்முறையில் நெத்திலி வகை மீன் உண்டு.
* மை தாய்: வாதுமைப் பருப்பிலிருந்து செய்யப்படும் பாகு சேர்கின்றது. பருப்பு ஒவ்வாமை உள்ளவருக்கு இது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.
* லாங் ஐலண்டு ஐஸ்ட் டீ: பெயரிலும் நிறத்திலும் தேநீர் போன்றது, ஆனால் இதில் தேயிலை இல்லை. வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு மது ஆகிய ஐந்தும் சேர்ந்தது. பெயரைக் கண்டு கேட்கும் புதியவருக்கு இதனை விளக்குவது பணியாளரின் பொறுப்பு.

## அளவும் வலிமையும்

ஆர்டரில் சொல்லப்படும் சொல் வேறு, உடலில் சேரும் ஆல்ககால் வேறு. இந்தியாவில் விற்கப்படும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றின் வழக்கமான வலிமை கனஅளவில் 42.8 விழுக்காடாகும். ஒரு மி.லி. ஆல்ககாலின் எடை ஏறத்தாழ 0.79 கிராம். இதன்படி:

* ஸ்மால் (30 மி.லி.): ஏறத்தாழ 10 கிராம் ஆல்ககால்
* லார்ஜ் (60 மி.லி.): ஏறத்தாழ 20 கிராம்
* கட்டிங் (90 மி.லி.): ஏறத்தாழ 30 கிராம்
* குவாட்டர் (180 மி.லி.): ஏறத்தாழ 61 கிராம்

பல நாடுகளில் 10 கிராம் ஆல்ககால் ஓர் அலகாகக் கொள்ளப்படுகின்றது. அதன்படி ஒரு குவாட்டர் என்பது ஆறு அலகுகள். ஐந்து மதுவகைகள் ஒவ்வொன்றும் 15 மி.லி. சேரும் லாங் ஐலண்டு ஐஸ்ட் டீயில், வலிமை 40 விழுக்காடு எனக் கொண்டால், ஏறத்தாழ 24 கிராம் ஆல்ககால் உண்டு. குளிர்ச்சியும் இனிப்பும் அதன் காரத்தை மறைத்துவிடுகின்றன.

பனிக்கட்டியுடன் குலுக்கும்போது உருகும் நீர் பானத்தின் செறிவைக் குறைக்கின்றது. ஆனால் ஆல்ககாலின் மொத்த அளவு அதனால் குறைவதில்லை.

## மறுத்தல்

ஆர்டரை ஏற்பது போலவே மறுப்பதும் பணியின் பகுதியாகும். மது அருந்துவதற்கான குறைந்த வயது தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, புதுச்சேரியில் 18 என மாநிலந்தோறும் மாறுபடுகின்றது. ஐயம் எழுந்தால் வயதுச் சான்று கேட்கப்படும். மிகையாக அருந்தியவருக்கு மேலும் வழங்கக்கூடாது என்பது பயிற்சியின் அடிப்படை விதி. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி போதையில் உள்ளவருக்கு மது விற்பது குற்றம். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மி.லி. குருதியில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்ககால் இருக்க வாகனம் ஓட்டுவது தண்டனைக்குரியது. மறுக்கும்போது பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தாமல் தாழ்ந்த குரலில் சொல்வதும், குடிநீரோ உணவோ தருவதும், வாடகை வண்டிக்கு ஏற்பாடு செய்வதும் வழக்கம்.

மறுப்பதற்கு ஏற்கத்தகாத காரணங்களும் உள்ளன. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் காரணமாக ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 15ஆவது உறுப்பு. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை ஒதுக்கும் 'இரட்டைக் குவளை முறை' பல மாவட்டங்களில் பதிவாகியுள்ளது. 1955ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றமாகும். பானம் யாருக்கு, எந்தக் குவளையில் தரப்படுகின்றது என்பது வெறும் பரிமாறும் முறை பற்றிய செய்தி அன்று என்பதை இது காட்டுகின்றது.

## பெண் பணியாளர்கள்

இலண்டன் சவாய் விடுதியின் அமெரிக்க மதுக்கூடத்திற்கு 1903 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஏடா கோல்மன் என்ற பெண்மணி தலைமை வகித்தார். ஆயினும் பல நாடுகளில் பெண்கள் இப்பணி செய்யத் தடை இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சட்டம், உரிமையாளரான ஆணின் மனைவி அல்லது மகளாக இருந்தாலன்றிப் பெண்கள் மதுக்கலவையாளராகப் பணிபுரிய முடியாது என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் இதனைச் செல்லும் என்றது. அந்நிலைப்பாட்டை 1976இல் கைவிட்டது.

இந்தியாவில் தில்லியிலும் நடைமுறையில் இருந்த 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பொதுமக்கள் மது அருந்தும் இடங்களில் பெண்களையும் 25 வயதிற்குட்பட்ட ஆண்களையும் பணியமர்த்தத் தடை விதித்திருந்தது. இதனால் விடுதி மேலாண்மை படித்த பெண்கள் படிப்பில் கற்ற இப்பணியைச் செய்ய இயலாத நிலை இருந்தது. பெண்களுக்கான தடை செல்லாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. அனுஜ் கார்க் எதிர் இந்திய விடுதிகள் சங்கம் என்ற வழக்கில் 2007 திசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்களின் வேலை உரிமையைப் பறிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை; பாதுகாப்பான சூழலை உருவாக்குவது அரசின் கடமை என்றது.

ஆயினும் கேரளம் 2013இல் மதுக்கூடங்களில் பெண்கள் மது பரிமாறுவதைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2015இல் அதனைச் செல்லாது என்றது. மேற்கு வங்காளம் 2025இல் தன் சட்டத்தைத் திருத்திப் பெண்கள் பணிபுரிய வழிசெய்தது. இந்தியாவின் முதல் பெண் மதுக்கலவையாளர் என அறியப்படும் ஷத்பி பாசு 1980களில் மும்பையில் இப்பணிக்கு வந்தவர். பின்னர் இத்துறைக்கான பயிற்சிப் பள்ளியையும் அவர் நிறுவினார்.

## தமிழ்நாட்டில்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937இல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) 1983இல் மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் தனியுரிமையாயிற்று.

இதனால் மாநிலத்தில் ஆர்டர் எடுக்கும் முறை இருவகையாகப் பிரிந்துள்ளது. மன்றங்களுக்கான எஃப்.எல்.2 உரிமமோ விடுதிகளுக்கான எஃப்.எல்.3 உரிமமோ பெற்ற இடங்களில் மேற்கூறிய முறை பின்பற்றப்படுகின்றது. டாஸ்மாக் கடைகளில் வாடிக்கையாளர் மது வகையையும் அளவையும் சொல்லிப் புட்டியாக வாங்குகிறார். குவாட்டர் (180 மி.லி.), ஆஃப் (375 மி.லி.), ஃபுல் (750 மி.லி.) என்பனவே அங்கு வழங்கும் சொற்கள். கடையை ஒட்டிய 'பார்' பணியாளரிடம் கேட்கப்படுவது டம்ளர், தண்ணீர், சோடா, 'சைட் டிஷ்' எனப்படும் தொடுகறி ஆகியவையே. கலப்பவர் வாடிக்கையாளர்தாம். ஒரு குவாட்டரை இருவர் பகிர்ந்துகொள்வது 'கட்டிங்' எனப்படும். முன்பின் அறியாதவர்களும் இவ்வாறு சேர்ந்துகொள்வதுண்டு.

இவ்வேறுபாட்டின் விளைவு கவனிக்கத்தக்கது. மதுக்கூடத்தில் 30 மி.லி. வீதம் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டியிருப்பதால், பணியாளர் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரைப் பார்க்கிறார். போதும் எனச் சொல்லும் வாய்ப்பும் உள்ளது. புட்டியாக விற்கும்போது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான உரையாடல் ஒருமுறையோடு முடிந்துவிடுகின்றது. ஆறு அலகுகளுக்கும் சேர்த்து ஒரே ஆர்டர் என்பதால் இடையில் கேட்பார் எவருமில்லை.

## மது சேராக் கலவைகள்

மது சேராத கலவைப் பானங்கள் மாக்டெயில் எனப்படும். இவற்றுக்கும் ஆர்டர் எடுக்கும் முறை ஒன்றே. போடிநாயக்கனூர்ச் சந்தை வழியாக வெளியூர் செல்லும் ஏலக்காய் இவற்றிலும் காக்டெயில்களிலும் பயன்படுகின்றது. காயை இடித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வடிகட்டிச் சேர்ப்பர். எலுமிச்சை, இஞ்சி, நன்னாரி ஆகியவற்றோடு இது நன்கு பொருந்தும். வாடிக்கையாளர் மாக்டெயில் கேட்கும்போது காரணம் கேளாதிருப்பது நல்ல பணியாளருக்கு அழகு. வாகனம் ஓட்டுதல், மருந்து உட்கொள்ளல், கருவுற்றிருத்தல், சமய நோன்பு, குடியை நிறுத்தியிருத்தல் என அது எதுவாகவும் இருக்கலாம்.

## இவற்றையும் பார்க்க

* காக்டெயில்
* மதுவிலக்கு
* தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்
* இரட்டைக் குவளை முறை
* ஏலக்காய்
* போடிநாயக்கனூர்